பினாயில் மணந்த வீடு

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, போலீசின் நடமாடும் தடயவியல் பிரிவில் அறிவியல் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சூளகிரிக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடு. அங்கே குடியிருந்த லேத் ஆபரேட்டரின் மனைவியை ஒரு வாரமாகக் காணவில்லை. புகார் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், கணவன் கொடுக்கவில்லை.

கணவன்தான் கதவைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை. "வாங்க மேடம், செருப்போடவே வாங்க, பரவால்ல." ஒற்றை அறை. பினாயில் நெடி கண்ணை எரித்தது. ஃபேனைப் போட்டான், ஸ்டூலைத் துடைத்து வைத்தான். சோதனைக்குப் போன எந்த வீட்டிலும் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

வடிதாளால் தரையைத் தேய்த்து, அதில் மருந்தைச் சொட்டினேன். ரத்தம் பட்டிருந்தால் தாள் சட்டென்று இளஞ்சிவப்பாகும். ஆகவில்லை. சுவர், கட்டில் கால், வாளி, எதிலும் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் செல்போன் பேச வெளியே போனார். அவன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நல்லா கழுவி உட்டாக்கூட ரத்தம் தெரியுமுங்களா மேடம்?"

எதைத் தேடுகிறோம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சில நேரம் தெரியாது" என்றேன். ஆனால் கழுவிய தண்ணீர் எங்காவது போயிருக்க வேண்டுமே. மூலையில் தண்ணீர் வெளியேறும் துளை இருந்தது. பஞ்சைச் சுற்றிய குச்சியை உள்ளே விட்டு எடுத்து, மருந்தைச் சொட்டினேன். பஞ்சு சட்டென்று இளஞ்சிவப்பானது.

"அது கோழிங்க. ஞாயித்துக்கெழம அறுத்தேன்" என்றான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "வெயில் அடிக்குதுங்க."

"சார், கவர் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன். அது என் குரல் போலவே இல்லை. இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார்.

மனித ரத்தம்தான் என்று ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருவதற்கு முன்பே, கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்றை அவனே காட்டினான். அவள் அங்கே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னேன். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று வராந்தாவில் போலீசுக்கு நடுவே என்னைக் கடந்து போனபோது நின்றான்.

"நல்லாருக்கீங்களா மேடம்?"

அதே பணிவு. பழக்கதோஷத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். அதற்காக என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.