இருவருக்கும் அத்தான்

இந்தக் கொழும்பில் கருப்பட்டியைத் தேநீரில் கரைக்க மாட்டார்கள். ஒரு கடி, ஒரு மடக்கு என்று குடிப்பார்கள். வந்த புதிதில் சிரித்தேன். மார்பில் புற்று வந்து, இடது பக்கத்தை எடுத்து, ரேடியமும் வைத்துப் பிழைத்தபின் நானும் அப்படித்தான் குடிக்கிறேன். விடிந்த நாளை அவசரமாய் விழுங்க மனம் வரவில்லை. என் கணவரும் மூன்று வயது மகளும் எதிரே இருந்தால் போதும், தேநீர் ஆறினாலும் கவலையில்லை. ஆனால் அங்கே என் தங்கையும் உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் நான் படுத்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவள் பொன்னுக்கனி. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் மாப்பிள்ளையை அந்நியத்துக்கு விடாமல் இவளையே கட்டிவைப்பது என்று ஊரில் அம்மா பேசியது என் காதுக்கும் வந்தது. நம் பக்கத்தில் இது புதிதா? நானே எத்தனை வீட்டுக்கு இந்த நியாயம் சொல்லியிருக்கிறேன். என் வீடென்றதும் அது அநியாயமாய்ப் பட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள நர்ஸுக்கு, புருஷனை 'அத்தான்' என்று கூப்பிடுவோம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அக்காள் புருஷனும் அத்தான்தான் என்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒருநாள் வராந்தாவில் பொன்னுக்கனி அவரை அப்படிக் கூப்பிட்டது அந்த நர்ஸ் காதில் விழுந்தது. என்னிடம் வந்து, இரக்கத்தோடு இரண்டு விரலைக் காட்டி, "மாத்தயாவுக்கு நோனா ரெண்டா?" என்றாள். ஐயாவுக்கு மனைவி இரண்டா என்கிறாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பினால், தலைவாரிக்கொள்ள மகள் பொன்னுக்கனியிடம்தான் ஓடினாள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்திருந்ததும் அவள்தான். நன்றி சொல்ல வேண்டிய வாயால் ஒருநாள் சொல்லியேவிட்டேன்.

"ஏளா, இனிமே அவுகள அண்ணாச்சின்னு கூப்பிடு."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவுக அண்ணாச்சின்னா நீ எனக்கு மதினியால்லா ஆயிருவ. எனக்கு அக்கா வேணும். நீ பொழைக்கணும்னு திருச்செந்தூர்ல முடி எறக்க நேந்திருக்கேன்."

கல்யாணமாகாத பெண். இடுப்பைத் தாண்டித் தொங்கும் அந்த முடிமேலும் எனக்குப் பொறாமை இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பொறாமை போயிற்றா என்றால், இல்லை. ஊருக்குப் போகிறேன் என்று அவளே சொன்னாள். இரு என்று நான் சொல்லவில்லை.

துறைமுகத்தில், கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் உட்கார்ந்ததும் அவரைப் பார்த்து, "அத்தான், அக்காவைப் பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அவர் எனக்கு, பிள்ளை எனக்கு. நாளைக் காலையில் இவள் தூத்துக்குடியில் இறங்குவாள், அம்மா கரையில் நிற்பாள். அம்மாவிடம் போகிறாளே என்று இப்போது அதற்கும் பொறாமைப்பட்டேன். மகளை வலது இடுப்பில் இறுக்கிக்கொண்டே, அந்தப் படகில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.