உர்சின் காற்றுக்குக் குறுக்கே போட்ட டென்ட்

உர்சின் போய்விட்டார்.

காலையில் அவர் மனைவி அன்னினா போன் பண்ணிச் சொன்னார். அடக்கம் எப்போது என்றுகூடக் கேட்கவில்லை... சப்பாத்தை மாட்டிக்கொண்டு லாங்கன்தால் ஸ்டேஷனுக்கு வந்து கூர் நகருக்குப் போகும் வழியில் முதலில் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன்.

சீட் இருக்கிறது, உட்கார முடியவில்லை. கதவடியில் நின்றுதான் டைப் பண்ணுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் கூரில் இருந்த நம் ஆட்கள் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஹோட்டல் கிச்சனில் அவர் பெரிய குக், நான் கோப்பை கழுவியவன்.

செப்டம்பர் வந்தால் அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. மான் வேட்டைக் காலம். துப்பாக்கியும் பையுமாக மலையேறினால் நாட்கணக்கில் அங்கேயே கிடப்பார்.

நான் வந்த வருடம் அவருக்கு முழங்கால் பழுது. பழைய பருத்தி டென்ட் நனைந்தால் நெல்லு மூட்டைக் கனம், அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அன்னினாவோ, புயலுக்கு நிற்காத டென்டோடு வாசல் தாண்டக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பாரமும் இருக்கக் கூடாது, புயலையும் தாங்க வேண்டும்... கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

கடையில் இரவல் வாங்கிய டென்டுகளைக் கிச்சனுக்கே கொண்டுவந்து மா நிறுக்கும் தராசில் வைப்பார். ஒன்று எந்தப் பக்கக் காற்றுக்கும் நிற்கும், ஆனால் பாரம். மற்றதற்கு இரண்டே இரண்டு வளைகம்பி, தலைமாடு உயரம், கால்மாடு தாழ்வு. கையில் எடுத்தால் கனமே தெரியாது.

கால்மாட்டைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் போட்டால் அசையாது, குறுக்கே போட்டால் போச்சு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

டெஸ்ட் பண்ணியது அன்னினா. வீட்டுத் தோட்டத்தில் டென்டைப் போட்டு, என்னை உள்ளே இருத்தி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார். (அவர்கள் ஜெர்மனில் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.)

“தண்ணி உள்ளுக்கை வருதோ?”

“இல்லை!”

“அவருக்காகப் பொய் சொல்லாதை! வடிவாப் பார்!”

ஒரு துளி வரவில்லை. பாரமில்லாத டென்டே பாஸ்.

துணைக்கு நான். அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருந்த காலம், அறைக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. “வாறியோ?” என்று கேட்டதும் ஓம் என்றுவிட்டேன்.

என் அறை நண்பனுக்கு ஒரே சிரிப்பு. “புரட்டாசிச் சனி விரதம் பிடிக்கிறவர் மான் சுட வெளிக்கிட்டிட்டார், பாருங்கோவன்!”

மலையில் தெற்குக் காற்று. உர்சின் கால்மாட்டைத் தெற்கே வைத்து டென்டைப் போட்டார். அப்படியென்றால் தலை வடக்கே... நான் பேசாமல் மாறிப் படுத்தேன். முகத்தில் துணி முட்டியது, மூக்குக்குப் பக்கத்தில் உர்சினின் காலுறை.

“ஏன் மாறிப் படுக்கிறாய்?”

“வடக்கை தலை வைக்கக் கூடாது. அம்மா ஊரிலை தனிய இருக்கிறா, சண்டை நடக்குது. இப்ப நான் ஒண்டையும் மீறமாட்டன். இப்பிடியே படுக்கிறன், பரவாயில்லை.”

அவர் சிரிக்கவில்லை. வெளியே தவழ்ந்து போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் முளைகளைப் பிடுங்கி டென்டைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். தலைமாடு கிழக்கே... காற்றுக்குக் குறுக்கே.

“காத்து?”

“சின்னக் காத்துதான். படு.”

ஊரை விட்டு வந்த பிறகு நான் நிம்மதியாக உறங்கியது அங்கேதான்.

விடியப்புறம் புயல் வந்தது. ஒரு கம்பி முறிந்து துணி கிழிந்தது. கிழிந்த துணியைப் போர்த்திக்கொண்டு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். இறங்கி வந்ததும் அவருக்கு நெஞ்சுச்சளி, ஆஸ்பத்திரி. அந்த வருட வேட்டை அவ்வளவுதான்.

கட்டிலடியில் அன்னினா நெருப்பாக நின்றார். “காத்து எந்தப் பக்கத்தாலை வருதெண்டும் தெரியாதோ உங்களுக்கு?”

“கவனிக்கேல்லை,” என்றார் உர்சின்.

நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

பிறகு ஒருநாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உன்னிலை அவ கோவிச்சா அடுத்த முறை உன்னை விடமாட்டா. பிறகு எனக்கு ஆர் துணை?” என்றார்.

புதுக் கம்பி போட்டு, துணியைத் தைத்து, எத்தனையோ செப்டம்பர் அதே டென்டில் போனோம். படுப்பதற்குத் தலைமாடு வடக்கே வராத இடமாக அவரே தேடிப் பிடிப்பார்.

ஆனால் அன்னினா விடவில்லை. வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் அந்தக் கதைதான். “காத்துத் திசை தெரியாத வேட்டைக்காரனைக் கலியாணம் கட்டினவள் நான்!” எல்லோரும் சிரிப்பார்கள், உர்சினும் சிரிப்பார். நான் ஏதாவது சொல்ல வெளிக்கிட்டால் மேசைக்கடியில் என் காலில் ஒரு உதை விழும்.

இன்று காலையும் போனில் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னார். “காத்துத் திசை தெரியாத மனுசன்... தனியப் போயிட்டார்.”

போனில் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கட்டிய மனுசனுக்குக் காற்றுத் திசை நன்றாகத் தெரியும் என்று.

லாண்ட்குவார்ட் தாண்டிவிட்டது. அடுத்தது கூர். அன்னினா ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

இன்றைக்குச் சொல்லத்தான் போகிறேன், உர்சின். உதைக்கிறதென்றால் எழும்பி வந்து உதையுங்கோ.