ஒன்பது இன்ச் மீன்

தொண்ணூற்றெட்டு வாக்கில், நான் அமெரிக்காவில் டெக்சாஸிலுள்ள சுகர் லேண்டுக்கு வந்த புதிது. எங்கள் சர்ச்சுக்கு வரும் அங்கிள் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் சொந்தக் குளம் வைத்திருந்தார். அதில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனின் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். ஒன்றைக்கூட அவர் சமைத்ததில்லை. எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தார்.

ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டையைக்கூடக் கழற்றாமல் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். மாட்டிய மீனை ஸ்கேல் ஒட்டிய பலகையில் படுக்கவைத்து, நீளத்தை நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார். துடுப்பில் வெட்டி அடையாளம் வைத்த ஒரு மீன் மட்டும் இரண்டு வருஷமாக ஒன்பது இன்ச்சிலேயே நின்றது. அனேகமாக வாராவாரம் அதுதான் மாட்டும். அதன் வாயோரம் கிழிந்து கிழிந்து தழும்பேறியிருந்தது.

"தீனி போடறேன், தண்ணிய செக் பண்றேன். இது மட்டும் ஏன்ப்பா வளரல?" என்றார் ஒருநாள், அதைப் பலகையில் படுக்கவைத்தபடி.

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அத கொஞ்சம் சும்மா விடுங்க அங்கிள். வாராவாரம் தூக்கி அளந்தா எப்படி வளரும்?"

அவர் மீனை எடுக்கவில்லை. அது வாலால் பலகையை அடித்துக்கொண்டே இருந்தது.

"என் பொண்ணும் இதையேதான் சொல்லிட்டுப் போனா" என்றார்.

அவருக்கு ஒரு பெண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது என் மகள் வெளியூர் காலேஜில் படிக்கிறாள். ஒரே நாளில் மூன்றாவது தடவை அவளுக்கு போன் போடக் கை போகும்போது, பலகையில் அந்த வால் அடிக்கும் சத்தம் கேட்கும். போனைக் கீழே வைத்துவிடுவேன். சில நாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போன் பண்ணிவிடுகிறேன்.