காஸ் டன்லெவியைப் பிடிக்காத பெர்னடீன்

பெர்னடீன் ஹ்ருஸ்காவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. விஷயம் தெரிந்தவள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவள் வாதாடும்போது எதிராளியின் வாய் பிளந்திருக்கும். அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடியும், கொக்கியும், எச்சில் உறிஞ்சும் குழாயும் இருக்கும்.

மொனாங்கஹேலா ஆற்றங்கரையில், டாக்டர் பாவ்லிக்கின் பல் ஆஸ்பத்திரியில் அவள் பல் சுத்தம் செய்கிறவள். குள்ளமான, உருண்டையான பெண். பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். கை அவ்வளவு மெதுவாக இருக்கும்; பயந்தாங்கொள்ளிகளுக்குக்கூட அவளிடம் போனால் தூக்கம் வந்துவிடும். ஆனால் யாரையும் தூங்க விடாத ஒரு பேச்சு அவளிடம் இருந்தது.

“கண்ணு, இன்னும் கொஞ்சம் திற... ஆங், அப்படித்தான். நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. காஸ் டன்லெவிய எல்லாரும் ரொம்பத் தூக்கி வெச்சு ஆடுறாங்க. அவ்ளோ பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்ல அவன்.”

நாற்காலியில் கிடப்பவர் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “ஆ... ஆஹா... ஆ!” என்பார்.

“பாத்தியா, உனக்கே தெரியுது” என்று அவள் அடுத்த பல்லுக்குப் போவாள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். டன்லெவி எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மூன்று கோப்பை வாங்கித் தந்த குவாட்டர்பேக், அதாவது பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். உருளைக்கிழங்கு வறுவலையும் உள்ளேயே திணித்துத் தரும் சாண்ட்விச் ஒன்றுக்கு அவன் பெயர்தான். அவன் ஆடிய காலத்தில் பிறந்த பையன்களில் பாதிப் பேர் காஸ். அவனுடைய ஆட்டங்களில் பெரியது, பனி கொட்டிய ஒரு ஜனவரி மாதத்து ஆட்டம். கடைசி நிமிடத்தில் எதிரணியின் மூன்று தடியன்கள் அவன்மேல் விழப் போகும்போது, அவன் பந்தை மைதானத்தின் ஓர் ஓரத்துக்கு எறிந்தான். அங்கே எங்கள் அணியின் ஆல்வின் பூத் அதை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் விழுந்தான். அந்த எறியைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் பெரிய மனிதர்களுக்குக் குரல் கம்மும்.

பெர்னடீன் அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா உருக்காலையில் வேலை பார்த்தவர். ஒரு கூட்டாளிக்குக் காய்ச்சல் வந்ததால் கிடைத்த டிக்கெட்டில் மகளைக் கூட்டிப் போயிருந்தார். மலிவான இடம். ஆனால் டன்லெவி ஓடி வந்தது அந்த மூலைக்குத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கண்ண இறுக்கி மூடிட்டு எறிஞ்சான், கண்ணு! பந்து வெளிய போய் விழட்டும்னு தூக்கிப் போட்டான். பூத் அங்க நிக்கிறது அவனுக்குத் தெரியவே தெரியாது. பிடிச்சது பூத்து, பேரு இவனுக்கு. எதிராளிய ஒரு அடி நகர விடாம நிறுத்தினது நம்ம தடுப்பாட்டக்காரங்க, கோப்பை இவன் கையில. எங்க, வாயைக் கொப்பளி.”

கொப்பளித்து நிமிர்ந்ததும் சிலர் அவளிடம் கத்துவார்கள். அதற்குள் அவள் பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள்.

இப்படி வருஷக்கணக்கில் எதிர்ப்பில்லாமல் போய்க்கொண்டிருந்த ராஜ்ஜியத்துக்குள் ஒருநாள் லெனார்ட் வாசிக் வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டுநர். மனைவி இறந்து நாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. டன்லெவியின் எண் போட்ட பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். பெர்னடீனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பனி ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை அவர் வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தாள். லெனார்ட் கையையும் ஆட்டவில்லை, முனகவும் இல்லை. குழாயை எடுத்ததும் பொறுமையாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“ஏங்க, கண்ண மூடிட்டு எறிஞ்சே கோப்பைய வாங்கிட்டானே, திறந்துட்டு எறிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்!”

பெர்னடீனுக்குச் சிரிப்பு வந்து முகக்கவசம் புடைத்தது. அன்று முழுக்க அடுத்தடுத்து வந்தவர்களிடம் அவள் டன்லெவியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் பிற்பாடு சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து வரவேண்டிய லெனார்ட் இரண்டாம் மாதமே வந்தார். அப்புறம் மறுபடியும் வந்தார். ஒவ்வொரு தடவையும் கொப்பளித்த பிறகு ஒரே ஒரு வாக்கியம். அதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வருவார். டாக்டர் பாவ்லிக் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லெனார்ட், பல்லு நல்லாத்தான்யா இருக்கு. இன்னும் சுரண்டினா ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

இந்தச் சண்டை ஊருக்குள் பரவி, தீயணைப்புப் படைத் தலைவர் மார்ஹெஃப்காவின் காதுக்குப் போயிற்று. எங்கள் தீயணைப்பு வண்டிக்குப் புது பம்ப் வாங்க வேண்டியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவலும் பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் விற்பது வழக்கம். அதில் ஒரு வெள்ளியன்று பட்டிமன்றம் வைத்தால் கூட்டம் அள்ளும் என்று அவர் கணக்குப் போட்டார். ‘டன்லெவிக்குக் கிடைத்த பேர் தகுமா, தகாதா?’ தகாது என்று பெர்னடீன். தகும் என்று லெனார்ட்.

கூட்டம் அள்ளத்தான் செய்தது. நாற்காலி போதாமல் ஆட்கள் வண்டியின் படிகளில் ஏறி உட்கார்ந்தார்கள். பெர்னடீன் தேவாலயத்துக்குப் போகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

“கண்ணுங்களா, டன்லெவி அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்ல” என்று ஆரம்பித்தாள்.

“ஊ...!” என்று கூடம் இடிந்தது. எல்லோர் வாயும் திறந்திருந்தது. ஒன்றிலும் குழாய் இல்லை. அவளுக்கு இது புது அனுபவம். பயத்தில், “கொப்பளிங்க” என்று சொல்லிவிட்டாள். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு யாராலும் எதுவும் பேச முடியவில்லை. சிரிப்பு அடங்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

அந்தச் சிரிப்பே அவளுக்குத் தெம்பாகிவிட்டது. பனி ஆட்டத்தைச் சொன்னாள். எதிராளி கையில் கொண்டுபோய்க் கொடுத்த எறிகளைச் சொன்னாள். தடுப்பாட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னபோது கிழவர்கள் சிலர் கை தட்டவே ஆரம்பித்தார்கள். லெனார்டின் நெற்றி வியர்த்தது.

அப்போதுதான் பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்தான். பக்கத்து மாநிலத்து ஓஹையோக்காரன், இந்த ஊரில் பெண் எடுத்தவன். எதிரி அணியின் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து எங்கள் மீனைத் தின்றுகொண்டிருந்தான்.

“அந்தம்மா சொல்றதுதான் சரி!” என்றான். “டன்லெவி ஒரு வெத்துவேட்டு. எங்க ஊர்ல அவன் பந்து பொறுக்கிப் போடக்கூட லாயக்கில்லாதவன். உங்க கோப்பை எல்லாம் அதிர்ஷ்டத்துல வந்தது!”

பெர்னடீன் அவனையே பார்த்தாள். அவள் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது.

“நீ உக்காரு” என்றாள்.

“உங்க கட்சிதாம்மா நானும்...”

“என் கட்சிக்கு நீ வேண்டாம், உக்காரு. டன்லெவியப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? உங்க ஊர் மைதானத்துலதான் அவன் விரல் உடைஞ்சுது. உடைஞ்ச விரல வெச்சுட்டு ரெண்டாம் பாதி முழுக்க ஆடினானே, பாத்தியா நீ? தோத்த ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது கூட ஆடுறவன் மேல பழி போட்டிருக்கானா? பூத் கால் முறிஞ்சு ஒரு வருஷம் படுத்திருந்தப்ப வாரா வாரம் அவன் வீட்டுக்குப் போனது யாரு? கண்ண மூடினானாம்! மூணு மலை மேல விழுறப்ப நீ மூடாம இருப்பியா? மூடிட்டும் எறிஞ்சான்ல! நீயா இருந்தா பந்தக் கீழ போட்டுட்டு அம்மான்னு கத்தியிருப்ப!”

கூடம் எழுந்து நின்று கத்தியது. தன் எதிரியைக் குறை சொல்வதற்காகவே இத்தனை வருஷமும் அவன் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தவள் அவள். அவனுடைய பெருமை அவள் அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? ஓஹையோக்காரனின் மனைவியே அவன் தொப்பியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் பெர்னடீனுக்குத் தான் செய்தது உறைத்தது. தன் கட்சியைத் தானே கவிழ்த்துவிட்டு நடுமேடையில் நின்றிருந்தாள்.

“அடுத்து லெனார்ட்” என்றார் மார்ஹெஃப்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “டன்லெவிக்கு ஆதரவா இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?”

லெனார்ட் எழுந்து தொண்டையைச் செருமினார். “நான் சொல்ல வந்தத எல்லாம் அவங்களே சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் இப்ப காலியா இருக்கு. அதனால...” என்று நடந்துபோய் அவளுடைய மேசைக்குப் பின்னால் நின்றார். “டன்லெவிக்குத் தகாத பேருதான். கண்ண மூடிட்டுத்தான் எறிஞ்சான். பிடிச்சது பூத்து.”

டன்லெவியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அவர் அதைச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு வலித்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய வாதங்களைத்தான், அவள் சொல்கிற வரிசையிலேயே, ஒன்று விடாமல் சொன்னார். இத்தனை நாள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவர் காதையும் திறந்துதான் வைத்திருந்திருக்கிறார்.

யார் ஜெயித்தது என்று மார்ஹெஃப்காவால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பம்ப் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது, எல்லோரும் பியரோகி சாப்பிடுங்கள் என்று முடித்துவிட்டார்.

வாசலில் கார்களுக்கு நடுவே பெர்னடீன் லெனார்டைப் பிடித்தாள். “எதுக்குய்யா அப்படிப் பண்ணுன? உன் ஆளையே விட்டுக் குடுத்துட்டியே.”

“உங்க பக்கத்த யாராவது பாத்துக்கணும்ல” என்றார் லெனார்ட்.

அவள் அவருடைய ஜாக்கெட்டின் காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “அடுத்த வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடச் சேர்ந்தே வருவோம். அதுவரைக்கும் பல் சுத்தம் பண்ண வராத, தேஞ்சு போயிடும்” என்றாள்.

அக்டோபரில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி இரண்டு குடும்பத்துப் பெண்களும் வாரக்கணக்கில் சுட்ட பிஸ்கட்டுகள் ஒரு சுவர் நீளத்துக்கு மேசையில் அடுக்கியிருந்தன. விரல் உடைந்தது வலது கையிலா இடது கையிலா என்று மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே தகராறு பண்ணிக்கொண்டார்கள். பாதிரியார் நடுவில் வந்து, தனக்கு நினைவிருப்பது இடது கை என்றார். இரண்டு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.