கர்னல் சோபா முனிராஜ்

எந்த வீட்டுக்குப் போனாலும் முனிராஜ் உட்காருவதற்கு முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பார். அசைந்தால் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளி வெளியே வரும். காபி வருவதற்குள் வேலை முடிந்துவிடும். “இப்ப யானையே உக்காரலாம் சார்” என்பார், நம் நாற்காலியை நமக்கே தானம் கொடுப்பதுபோல.

ஆலையில் ஃபிட்டர் வேலை. ஜோகுபாளையத்தில் என் அறைக்கு அடுத்த வீடு. வெள்ளைக்காரக் கர்னல் ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது ஏலத்தில் எடுத்த சோபா ஒன்று அவரிடம் உண்டு. முகாமுக்கு முகாம் தூக்கிப்போகவென்றே செய்தது. ஸ்குரூக்களைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரிந்துவிடும். அதனால் எங்கள் சந்தில் எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் மாப்பிள்ளை உட்காருவது கர்னல் சோபாவில்தான். முனிராஜே போய்ப் பூட்டிக் கொடுப்பார். யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

இப்படிக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஸ்குரூ தளராமல் என்ன செய்யும்? எங்கள் ஊரிலேயே முதலில் பட்டம் வாங்கியவன், அதுவும் பௌதிகத்தில் வாங்கியவன் என்ற உரிமையில் நானும் ஒரு காரணம் சொன்னேன்: மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், இரும்பு அப்படியே இருக்கும், இடையில் ஓட்டை பெரிதாகும்.

“கரெக்ட் சார். அதைவிட மோசம் ஜனங்க கை. லூசாச்சுன்னா பலமா முறுக்குறானுங்க. உள்ளே மரம் மாவாப் போயிடுது. அப்புறம் ஸ்குரூ சும்மா சுத்தும், வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி.”

அதற்கு அவரிடம் வைத்தியம் இருக்கிறது. மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை வஜ்ஜிரப் பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கமாகச் செருகுவார். ஓர் இரவு காய வேண்டும். பிறகு ஸ்குரூவில் சோப்புத் தடவி நிதானமாக முடுக்குவார். “பெரிய ஸ்குரூ போடறவன் சோம்பேறி. மரத்தைப் பொளந்துடுவான்.”

போன ஞாயிறு மாலை அவர் மகள் சரளாவைப் பார்க்க ஒக்கலிபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. எதிர்வீட்டு லட்சுமம்மாவின் பெண்ணுக்கோ அன்று காலையிலேயே திடீரென்று ஆட்கள் வந்தார்கள். சோபா போயிற்று. மதியம் திரும்பி வந்தபோது ஒரு முன்கால் ஆடியது. உதவி செய்கிறேனென்று லட்சுமம்மாவின் தம்பி அந்த ஸ்குரூவை முறுக்கித் தள்ளியிருந்தான். பசை காய நேரமில்லை.

“ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் கெட்டி சோபா, நம்ம பொண்ணுக்கு ஆடுற சோபாவா?” என்று பொரிந்தாள் மனைவி சந்திரம்மா. “பாதியிலே விழுந்து வெச்சா வந்தவங்க எழுந்து போயிடுவாங்க!”

“ஆடாதும்மே. நான் இருக்கேன்ல? ஒண்ணு மட்டும் சொல்றேன். பையன் எப்படின்னு நாலு எடத்துல விசாரிக்காம பூ வெக்க விடமாட்டேன்.”

வந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் தாயும் சோபாவில் அமர, முனிராஜ் அந்த ஆடும் காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அதைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற எனக்கு அது தெரிந்தது.

“மேலே வந்து உக்காருங்கண்ணா” என்றாள் தாய்.

“நமக்குத் தரைதாம்மா ஜோர்.”

சரளா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்க மாப்பிள்ளை முன்னால் சாய்ந்ததும் சோபா முனகியது. அவன் ஒருமுறை கீழே பார்த்தான். முனிராஜின் விரல்கள் வெளுத்திருந்தன. டம்ளரை வலக்கையில் வாங்கி, இடக்கையைத் தொங்கவிட்டு, அவர் விரல்களுக்குச் சற்று மேலே அந்தக் காலை இறுகப் பிடித்தான். பிடித்தபடியே, “காபி நல்லாருக்குது” என்றான்.

“எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. இன்னிக்கே பூ வெச்சிடலாங்களா?” என்றாள் தாய்.

சந்திரம்மா கணவன் முகத்தைப் பார்த்தாள். முனிராஜ் தலையைத் திருப்பி மாப்பிள்ளையின் இடக்கையைப் பார்த்தார். பிறகு தன் கையைச் சோபாவின் காலிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, பூத்தட்டை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினார்.