சில்லு வைத்த வீட்டுக்கு நாலு ரயர்

போன மாதம் காருக்குப் பனிக்கால ரயர் மாற்றப் போயிருந்தேன். கடைப் பெடியன் நாலையும் உருட்டிக்கொண்டு வந்து சுவரோடு சாத்தினான். அவன் விலை சொல்லி முடிப்பதற்குள் நான் முழங்காலைக் குத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் இலக்கங்களை விரலால் தடவித் தடவித் தேடினேன். "அங்கிள், ஏதும் விழுந்திட்டுதோ?" என்று பதறிப்போய்க் கேட்டான். "இல்லைத் தம்பி, உதுகள் பிறந்த திகதியைப் பாக்கிறன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "எல்லாம் பிராண்ட் நியூ அங்கிள், டோண்ட் வொறி." பாவம், நல்ல பிள்ளைதான். ஆனால் இதையே இதைவிட இனிப்பாக ஒருத்தன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

புது ரப்பருக்கென்று ஒரு மணம் இருக்கிறது. பலருக்குப் பிடிக்காது. என் மனைவி சாந்தி மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு ஒரு காலத்தில் அது நன்றாகவே பிடித்திருந்தது. ஏனென்றால் அது ஆனந்தனின் மணம். தொண்ணூறுகளில் அவன் வோபர்னில் ஒரு ரயர் கடையில் வேலை செய்தான். கையை எத்தனை தரம் கழுவினாலும், கலியாண வீட்டுக்குச் சென்ற் அடித்துக்கொண்டு வந்தாலும், அந்த மணம் அவனுக்கு முன்னால் வந்து நிற்கும்.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் பெடியள் கொஞ்சப் பேர் ஒரே அறையில் கிடந்தவர்கள், அவனும் நானும் பக்கத்துப் பக்கத்தில். முதல் குளிர்காலத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து உருப்படியான ஜக்கற் ஒன்றுதான். காலை வேலைக்கு அவன் போட்டுக்கொண்டு போவான். பின்னேர வேலைக்கு நான் போகும்போது சப்வே வாசலில் நின்று கழற்றித் தருவான். போடும்போது அவனுடைய சூடு உள்ளே இருக்கும். என் மூத்த மகள் பிறந்த அன்று சாந்தியைப் பனிக்குள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவனும் அவன்தான். பின் சீற்றிலிருந்து நான் அழ, "டேய், பிள்ளை பெறப் போறது அவ. நீ ஏன்ரா குழறுறாய்?" என்று ஏசிக்கொண்டே ஓட்டினான். அப்படிப்பட்ட ஆள். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் உங்களுக்கு என் எரிச்சல் விளங்காது.

நான் அப்போது பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். எங்கள் போர்மன் றொன் ஓய்வுபெற்றபோது தன்னுடைய பிக்கப் ட்ரக்கையும் அது இழுக்கும் ட்ரெயிலரையும் விற்கப் போவதாகச் சொன்னார். 'பிப்த் வீல்' என்று அதற்குப் பெயர். மற்ற ட்ரெயிலர்களைப் போல வண்டியின் வாலில் கொழுவுவதில்லை. இதன் மூக்கு ட்ரக்கின் முதுகில் ஏறி இருந்துகொள்ளும். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், யன்னலுக்குத் திரைச்சீலை எல்லாம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் வேலை, பதினோராம் மாடியில் குடியிருப்பு, ஏரி என்றால் கடைத்தொகுதி நடுவிலுள்ள நீரூற்றுத்தான் என்று நினைத்திருந்த சின்ன மகள். இந்த நிலையில் இருந்தவனுக்கு அந்தத் திரைச்சீலையைக் கண்டதும் புத்தி பேதலித்துவிட்டது. வாங்கிவிட்டேன். "வீடு வாங்குங்கோ எண்டு சொன்னால், சில்லு வைச்ச வீட்டையெல்லோ வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறியள்!" என்றாள் சாந்தி. ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவளே போய் அந்தச் சின்ன அடுப்புக்கு அளவான சட்டி ஒன்று வாங்கி வந்தாள்.

அதன் நாலு ரயரும் பித்தவெடிப்பு வந்த குதிக்கால் மாதிரி வெடித்துப் போயிருந்தன. "தூரம் போக முன்னம் இவற்றை மாற்று" என்று றொன் கண்டிப்பாகச் சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று வரி எழுதித் தந்தார். முதல் வரி, கார் ரயர் கூடாது, ட்ரெயிலருக்கென்று செய்ததுதான் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ரயரும் தாங்க வேண்டிய பாரம். மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு தரம் கோடு இழுத்திருந்தார். அவருடைய எழுத்தும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்து அந்த வரியை வாசிக்க விடவில்லை. கேட்க வெட்கம். "ஓகே, ஓகே" என்று தலையாட்டி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். என்னுடைய ஓகேக்களால் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். அங்கே நின்றவர் சம்பந்தம் பேச வந்தவரைப் போலக் கேள்விமேல் கேள்வி கேட்டார். சாமான் ஏற்றினால் என்ன பாரம், எவ்வளவு தூரம் ஓடும், வெயிலிலா நிழலிலா நிற்கும்? எனக்கு விசர் பிடித்தது. எங்கடை ஆள் ஒருத்தன் இதே தொழிலில் இருக்க நான் ஏன் இங்கே நின்று சோதனை எழுத வேண்டும்? நேரே வோபர்னுக்குப் போனேன். ஆனந்தன் துண்டை வாங்கி வாசித்தான். மூன்று வரியையும் வாசித்தான். அவன் கண் கீழே இறங்கியதை நான் கண்டேன். பிறகு அதை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேக்க உனக்கு ஏன் உந்தத் துண்டு? விடு, நான் பாக்கிறன்" என்றான்.

பின்னாலிருந்து நாலு ரயரைக் கொண்டு வந்தான். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு, முகம் தெரியும். புது ரயரில் முள்ளு முள்ளாகச் சின்ன ரப்பர் நூல்கள் நிற்குமே, அவைகூட உதிரவில்லை. "உந்த முள்ளைத் தொட்டுப் பார் மச்சான். ஒரு மைல் ஓடேல்லை." தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், ஓடவில்லை. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் சாமான் வாங்கும்போது கேள்வி கேட்பது அந்த நாட்களில் மரியாதை இல்லை. ரசீது கேட்டாலே 'என்னை நம்பேல்லையோ' என்று முகம் கறுத்துவிடும். கேட்காமல் இருப்பதுதான் நாங்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் கொடுத்த மரியாதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வாகனப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அவ்வளவு நீளத்தை நிறுத்த இடம் தேடி நான் பட்ட பாடு போதும், சனம் நின்று வேடிக்கை பார்த்தது. ஐயர் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டினார். ரயர்களுக்கு முன்னால் தேசிக்காய் வைக்க ஆள் வேண்டும் என்றபோது ஆனந்தன்தான் குனிந்து ஒவ்வொன்றாக வைத்தான். என் சின்ன மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எடு, எடு, மெல்லமா எடு" என்று கை காட்டினான். நான் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு போனேன். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

ஆடி மாதத்து நல்ல வெயில். நானூறாம் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பாட்டு, சாந்தி கடலை வடை. பாரி நகரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்னுக்கு ஒரு வெடி. ஊரில் வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்களுக்குக் கை தானாகப் பிள்ளைகளின் தலையை அமத்தப் போகும். சாந்தி அதைத்தான் செய்தாள். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தேன். ட்ரெயிலர் பின்னால் ஆடத் தொடங்கி ட்ரக்கையும் சேர்த்து இழுத்தது. பாரம் முழுக்க அதே பக்கத்து மற்ற ரயரில் ஏற, அதுவும் வெடித்தது. "முருகா, என்ரை பிள்ளையள்!" என்று சாந்தி கத்திய சத்தம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. எப்படி ஓரத்தில் நிறுத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ட்ரெயிலரின் அடிப்பலகை பிய்ந்து, சாந்தியின் சட்டி றோட்டில் கிடந்தது.

இழுக்க வந்த லொறிக்காரர் வயதான வெள்ளைக்காரர். வெடித்த ரயரைப் பிரட்டிப் பார்த்து, என்னைக் கூப்பிட்டு இலக்கத்தைக் காட்டினார். கடைசி மூன்று எண்ணில் முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், கடைசி எண் வருடம் என்றார். கடைசி எண் ஏழு. நாங்கள் நின்றது தொண்ணூறுகளின் நடுவில். தொண்ணூற்றேழு இன்னும் வரவில்லை. ஆக, எண்பத்தேழு. ஓடாமலே கிடந்து உள்ளுக்குள் செத்துப்போன ரப்பர். மேலே பொலிஷ் பூசியிருக்கிறார்கள் என்று தன் கறுத்த விரலைக் காட்டினார். "இதைப் பார்க்கச் சொல்லி உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். இரண்டு தரம் கோடு இழுத்த அந்த வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். வழி முழுக்கத் தூஷணம் சேர்த்துக்கொண்டுதான் போனேன். ஆனந்தன் தேத்தண்ணியோடு வெளியே நின்றான். கிழிந்த ரப்பர்த் துண்டை அவன் காலடியில் போட்டேன். முகம் வெளிறிப் போயிற்று. "பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையே?" என்று முதலில் கேட்டான். அந்தக் கேள்வி உண்மையானது, அதை நான் மறுக்கமாட்டேன்.

"உனக்குத் தெரியுமோடா?"

"தெரியும்."

"பிறகு ஏன்ரா?"

"முதலாளி அந்த நாலையும் எப்பிடியாவது தள்ளு எண்டு ஒத்தைக்காலிலை நிண்டவன். வெள்ளைக்காரன் எண்டால் நம்பரைப் பாப்பான்." தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ பாக்கமாட்டாய் எண்டு தெரியும் மச்சான்."

"தேசிக்காய் வைச்சது நீயடா" என்று மட்டும் சொன்னேன். ஏமாற்றுவதற்கு ஆள் தேடியவன் தன்னை நம்பாதவர்களையெல்லாம் விலக்கிவிட்டு, நம்பிய ஒருத்தனைத் தெரிந்தெடுத்திருக்கிறான். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு நான் கதைக்கவில்லை.

ட்ரெயிலர் பழைய இரும்புக்குப் போயிற்று. ரயர் கடை இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. எங்கள் சனமும் மாறிவிட்டது. தம்பி தமையனிடமே வொறண்டி கேட்கிறான், அதில் ஒருவருக்கும் முகம் கறுப்பதில்லை. நல்லதுதான், நானும் கேட்கிறேன். கேட்கும்போது மட்டும் ஏதோ ஒன்றை இழந்துவிட்ட கோபம் வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

போன கிழமை மூத்தவள் தன்னுடைய மகனுக்கு எங்கள் ஆரம்ப காலக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் என்னைப் பார்த்து, "அப்பா, அந்த ஒரு அறைக்குள்ளை எத்தினை பேர் இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அஞ்சு பேர்" என்றேன்.

ஆனந்தனையும் சேர்த்தால் ஆறு பேர் இருந்தோம்.