பச்சையைத் தொடாதீக

"பச்சையைத் தொடாதீக. கையை எடுங்க. எடுத்துட்டீகளா? இப்ப மேல பாருங்க, ஜெம் கிளிப்பு கணக்கா ஒன்னு வளைஞ்சு கெடக்கும்… இல்ல, அது மூணு புள்ளி. அதை விடுங்க. அதுக்கு எடது பக்கம் அம்பு, அம்புக்கு எடது பக்கம் கிளிப்பு. ஆங், அதேதான்."

கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டுதான் போனில் பேசுகிறார். எதிர்முனையில் இருப்பவர் திருச்சுழியில் ஏதோ ஒரு கடை வாசலில் நிற்கிறார். இவரோ அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில், ஒரு பிளக்ஸ் பேனர் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் முழுசாக ஒரு பஸ் பயணம் இருக்கிறது. ஆனாலும் அந்த மனுஷன் எதைத் தொட்டார், எங்கே தடுமாறுகிறார் என்பது இவருக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "இதுல என்ன சார் இருக்கு" என்று விட்டுவிடுவார். என்ன இருக்கிறதா? என் போனையே கையில் வைத்துக்கொண்டு மெயிலில் படம் சேர்க்கிற அந்தக் கிளிப் எனக்கு அகப்பட ஒரு வாரம் ஆனது!

கடைக்கு வருகிற முகங்களையெல்லாம் பேனராக்குவது கனகலட்சுமியின் வேலை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போனவர், படத்தை வெட்டி ஒட்டும் வித்தையை ஓரத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது வயது முப்பத்தெட்டு. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமானவர்களில் பாதிப் பேர் முகத்தைப் படத்தில் வெளுக்க வைத்தது இவர் கைதான். அந்தப் பாவத்தை அவரே ஒப்புக்கொள்கிறார்.

அவருடைய ஒரே சண்டை அந்தப் பச்சையோடு, அதாவது வாட்ஸ்அப்போடு. படத்தை அனுப்பச் சொன்னால் ஊரே வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறது. அது வருகிற வழியில் படத்தைச் சுருக்கிவிடுகிறது. போனில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, அழகாகத்தான் இருக்கும். அதைப் பத்தடி பேனருக்கு இழுத்தால் மாப்பிள்ளைக்கு மூக்கு எது, கன்னம் எது என்று அவனுடைய அம்மாவாலேயே சொல்ல முடியாது. என் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், தாய்மாமனைக் கேட்டா தாய்மாமன் சட்டையை மட்டும் அனுப்பியிருக்கீக?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். சட்டை மட்டும்தான் இருந்தது.

ஆட்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதும் அனுப்பிய படத்தின் எடையை வைத்துத்தான். "நேத்து வந்தாகள்ல, அந்த நாப்பது கேபி மாப்பிள்ளை", "அந்த ஆறு எம்பி அம்மா" என்பார். ஆறு எம்பி அம்மா வந்தால் தனி மரியாதை. டீ கூட வரும்.

"வாட்ஸ்அப்பு நம்ம டவுன் பஸ்ஸு சார். வெரசா வரும், ஆனா நசுக்கித்தான் எறக்கிவிடும். மெயிலு லோடு வண்டி. மெதுவா வந்தாலும் ஏத்துனது ஏத்துனபடி எறங்கும்."

நானும் சும்மா இருக்காமல், வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்டாக அனுப்பலாமே, படம் சுருங்காதே என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் நான் சின்னவனாகிப் போனேன். காரியாபட்டிப் பக்கத்து விவசாயி சின்னச்சாமியிடம் அப்படித்தான் சொன்னாராம்: "அண்ணே, டாக்குமெண்டா அனுப்புங்க." மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அவர் நேரில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் நாலு ஏக்கர் கரிசலின் கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம். "பேத்தி காதுகுத்துக்கு எதுக்கும்மா பத்திரம் கேக்குறீக? இதை ஆருகிட்டயும் குடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல" என்றாராம். இந்தப் பக்கம் டாக்குமெண்ட் என்றால் நிலம்தான். அன்றோடு அந்தச் சொல்லை இவர் விட்டுவிட்டார்.

மெயில் மட்டும் லேசா? இங்கே எல்லோருடைய போனிலும் மெயில் இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. இருப்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. கனகலட்சுமி தன் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அந்த நீல எழுத்தைத் தொடுங்க" என்பதில் ஆரம்பிப்பார். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவரையும் கிளிப், படம், அம்பு என்று நிறத்தையும் உருவத்தையும் சொல்லியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். புது மாடல் போனோடு யாராவது கடைக்குள் வந்தால், "ஒரு நிமிசம் குடுங்க" என்று வாங்கி, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பேனாவால் வரைந்துகொள்வார். அந்த நோட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். அறுபத்து மூன்று போன்கள். அம்மாடி!

"ஒரிஜினல் அனுப்புங்க" என்று இன்னொன்றும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரை மாதத்திலிருந்து அதையும் சொல்வதில்லை. அதை விட்ட அன்றைக்கு நான் கடையில்தான் இருந்தேன்.

உச்சி வெயில் நேரம். பரளச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராஜபாண்டி என்று ஒருவர் வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும், கசங்கிய சட்டை, நாலு நாள் தாடி. நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் வேலை. அம்மா இறந்துவிட்டார், படம் செய்ய வேண்டும் என்று சொல்லிப் போனை நீட்டினார். நூறு நாள் வேலையில் எடுத்த படம். ஊருணிக் கரையில் ஐம்பது பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக நிற்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவரைத் தொட்டுக் காட்டி, "இது எங்கம்மா. பேச்சியம்மா" என்றார்.

கனகலட்சுமி அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். தலையில் துண்டு தெரிந்தது. துண்டுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து பழுப்புக் கட்டங்கள்.

"இது பல கை மாறி வந்திருக்கு தம்பி. எண்பது கேபிதான் இருக்கு. ஒன்னும் தேறாது. ஒரிஜினல் வேணுமே."

ராஜபாண்டி சொன்ன பதிலில் கோபம் இல்லை. குரல் கூட உயரவில்லை.

"ஒரிஜினலை முந்தாநாளே பொதைச்சுட்டாகக்கா."

கனகலட்சுமியின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நெனைக்காதீக தம்பி, நான் போட்டாவைச் சொன்னேன்" என்றார்.

பிறகு ராஜபாண்டி தானாகவே பேச ஆரம்பித்தார். தகவல் கிடைத்ததும் ரயில் ஏறியிருக்கிறார். இரண்டு நாள் பயணம். வெயில் காலம், அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "'மொகம் பாக்குறவுக பாத்துக்கங்க'ன்னு கடைசியா கூப்புடுவாகள்ல, அப்ப நான் விஜயவாடாவுல நிக்கிறேன். எங்கண்ணன் வீடியோ கால்ல காட்டுனான். டவர் இல்ல. மொகம் கட்டங்கட்டமா ஆகி அப்புடியே நின்னுபோச்சு. இந்தா இதே மாதிரிதான்." அவர் திரையைக் காட்டினார்.

வேறு படம் இல்லையா? ஆதார் கார்டில் இருப்பதை அம்மா என்று அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணனின் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடியிருக்கிறார். "எல்லாத்துலயும் அம்மா முதுகுதான்க்கா இருக்கு. பந்தியில நின்னுச்சு. போட்டாக்காரர் கூப்புட்டா, எனக்கெதுக்குய்யான்னு ஓடிரும்." இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். பேனர் வேண்டும், சட்டம் வேண்டும் என்று அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

"இதை எடுத்தது ஆரு?"

எடுத்தவர் தங்கலட்சுமி. அந்த வேலைக்குப் பொறுப்பாளராக நின்ற பெண். தை கடைசியில், ஊருணி வேலை முடிந்த நாளில் ஆசைக்காகத் தன் சொந்தப் போனில் எடுத்தாராம். ராஜபாண்டி அவருக்குப் போன் போட்டுக் கனகலட்சுமியிடம் கொடுத்தார்; கனகலட்சுமி அந்தப் போனிலிருந்தே தன் மெயில் முகவரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"அய்யோ தாயி, போனு நெறைஞ்சுபோச்சுன்னு போன வாரம்தான் கண்டதையும் அழிச்சேன். அது இருக்கோ என்னமோ தெரியலயே."

ராஜபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். கனகலட்சுமி மட்டும் பதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கும்க்கா. மெதுவா தேடுவோம். வாட்ஸ்அப்புக்குள்ள போகாதீக, போட்டா இருக்குற எடத்துக்குப் போங்க. விரலை மேல தள்ளிக்கிட்டே வாங்க. என்ன தெரியுது?"

"பொங்கக் கோலம் தெரியுது."

"அப்ப தாண்டிட்டீக. கொஞ்சம் கீழ வாங்க."

"எங்க வீட்டு ஆட்டுக்குட்டி… அப்புறம் ரேசன் கார்டு… ஆ, இந்தா! இந்தா இருக்கு தாயி! எல்லாரும் நிக்கிறாக!"

இருந்தது. ஆனால் மகிழ்ச்சியில் தங்கலட்சுமியின் கை பழகிய பாதையில் போய்விட்டது போல. கனகலட்சுமி கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பச்சையைத் தொட்டுட்டீகளாக்கா?"

"ஆமா தாயி. கை அங்கதான் போகுது."

"சரி, போகட்டும். இப்ப நான் அனுப்புன நீல எழுத்தைத் தொடுங்க."

நீல எழுத்து, கிளிப், படம், அம்பு. இருபது நிமிஷம் ஆனது. ஒரு தடவை கூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. அம்பைத் தொட்டாயிற்று, ஆனால் படம் நகரவில்லை, டவர் போதவில்லை. "கம்மாக்கரைக்கு ஏறுங்கக்கா." தங்கலட்சுமி செருப்புச் சத்தத்தோடு வெயிலில் நடப்பது ஸ்பீக்கரில் கேட்டது. மூச்சு வாங்கியது. "ஏறிட்டேன் தாயி. இந்தப் பேச்சி என்னைய ஒருநாள் கூட ஏவுனதில்ல, இன்னைக்கு நடக்கவிட்டுட்டா" என்று சொல்லிவிட்டு அழுதார். நாங்கள் மூன்று பேரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெயில் வந்தது. எட்டு எம்பி.

கனகலட்சுமி திறந்தார். முதலில் அதே ஊருணி, அதே ஐம்பது பேர். எனக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அவர் மூன்றாவது வரிசைக்குப் போனார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். இனிக் கட்டம் கட்டமாகிவிடும் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். ஆகவில்லை. துண்டில் இழை தெரிந்தது. நெற்றியில் வியர்வை தெரிந்தது. கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் செம்மண். மூக்குத்தி இருக்க வேண்டிய துளையில் ஈர்க்குச்சி. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. பக்கத்தில் நின்றவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் நிற்கிறார். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பு ஒரு போனுக்குள் முழுசாக இருந்திருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படாமல். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

"எங்கம்மா" என்றார் ராஜபாண்டி.

எந்த அளவு, எந்தத் தேதி, பெயருக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று கனகலட்சுமி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. எழுந்து, நாற்காலியை ராஜபாண்டி பக்கம் தள்ளி, திரையை அவருக்கு நேராகத் திருப்பி வைத்தார். "பாத்துக்கங்க தம்பி. ஒன்னும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் பக்கத்திலேயே ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ராஜபாண்டி உட்கார்ந்தார். அழவில்லை. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாததால் திரை மங்கிக் கறுத்துப் போனது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கனகலட்சுமி திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி மவுஸை லேசாக அசைத்தார். முகம் திரும்ப வந்தது.

சந்தில் ஒரு வேன் போனது, ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கனகலட்சுமி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மவுஸின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. திரை மங்குவதற்கு முன்பே, நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதை ஒரு விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார்.